ரேவின் சோப்பர் காரில் ஏற மாட்டாள்

குளிர் தாங்கவில்லை என்று காலின் சோப்பர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவன் மனைவி ரேவின் அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் வண்டி நிறைய விறகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "அங்க வருஷம் பூரா வெயில், கூட வாயேன்" என்று அவன் கடைசிவரை கெஞ்சிப் பார்த்திருந்தான். "குளிருக்குப் பயந்து ஓடுற ஆளோட நான் எங்கயும் வர்றதா இல்ல" என்பதோடு அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் கடற்கரைப் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்புகிறான். அவள் தடித்த கம்பளிக் காலுறை அனுப்புகிறாள், அங்கே அது எதற்கும் ஆகாது என்று தெரிந்தே.

பூமியின் தென்கோடியில் இருக்கும் சவுத்லாந்தில், கிரேக்பர்ன் என்கிற அந்தச் சின்ன ஊரில் ரேவினைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு பால் டேங்கருக்குப் போனாள். எந்த வளைவில் இவள் வண்டியைக் கவிழ்ப்பாள் என்று டிப்போவில் ஆண்கள் பந்தயம் கட்டினார்கள். "கவுக்க மாட்டாள்னு ஒருத்தரும் கட்டலயா? அப்ப அது நான்" என்று தானும் பணம் வைத்தாள். வருஷக் கடைசியில் மொத்தத்தையும் அள்ளி, தோற்றவர்களுக்கே பீர் வாங்கி ஊற்றினாள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, ஊசிக்குப் போக வேண்டி வந்தால் கனரக வண்டி ஓட்டும் உரிமம் கையை விட்டுப் போகலாம். "நடங்க, நீந்துங்க, எதையாவது செய்யுங்க" என்றார். நடப்பது ரேவினுக்குப் பிடிக்காது. நடந்து போனால் எந்த ஊரும் வந்து சேருவதில்லை. நீச்சல் குளத்துக்குப் போனால் தெரிந்த முகங்கள் பேசியே கொன்றுவிடும். கடைசியில், தான் பால் எடுக்கப் போகும் ஒரு பண்ணையின் கொட்டகையில் கோழி எச்சம் படிந்து கிடந்த பழைய இரும்புச் சைக்கிளைக் கேட்டு வாங்கி, கழுவி, டயர் மாற்றி, ஏறி உட்கார்ந்தாள்.

ஊரார் சைக்கிளைத் தூக்கிப் பரணில் போடும் காலம்தான் அவளுக்கு ஓய்வுக் காலம். அங்கே ஜூனும் ஜூலையும்தான் கடுங்குளிர். மே மாதக் கடைசியில் மாடுகளுக்குப் பால் வற்றவிட்டால், ஆகஸ்டில் கன்று போடும்வரை டேங்கருக்கு வேலையே இல்லை. மற்ற ஓட்டுநர்கள் ஃபிஜிக்கும் பாலிக்கும் பறந்துவிடுவார்கள். ரேவின் எங்கேயும் போகவில்லை. ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, புல்வெளியெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி கிடக்க, கிரேக்பர்ன் சைக்கிள் சங்கத்து வாசலில் போய் நின்றாள்.

எட்டு ஆண்கள் இருந்தார்கள். எல்லாருடைய சைக்கிளும் ஒற்றை விரலில் தூக்கிவிடுகிற மாதிரி இலேசானவை. சங்கத்தின் பயணத் தலைவன் லாக்லன் பீட்டி, டிராக்டர் விற்பவன், ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதன். அவளுடைய சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நிஜமாகவே முயற்சி செய்தான்.

"கூட்டமா ஓட்டியிருக்கீங்களா ரேவின்?"

"இல்ல. கத்துக்கத்தான வந்திருக்கேன்."

"முன்னால போறவர் பின்சக்கரத்த ஒட்டியே வந்துடுங்க. காத்த அவர் வாங்கிப்பாரு, உங்களுக்குப் பாதி உழைப்புதான். இடைவெளி விட்டீங்கன்னா அவ்ளோதான், காத்து முழுக்க உங்களுக்கே."

இடைவெளி விழுந்தது. ஓரெட்டி ஆற்றுப் பாலம் வரைக்கும்கூட அவளால் ஒட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. முதலில் ஒரு முழம், பிறகு ஒரு சைக்கிள் நீளம், பிறகு எட்டு முதுகுகளும் சேர்ந்து ஒரு புள்ளியாகி வேலி வளைவில் மறைந்தன. அதோடு காற்று வந்து நெஞ்சில் கை வைத்தது.

கூட்டத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு கார் வரும். லாக்லனின் மனைவி ஷோனா ஓட்டுவாள். டயர் வெடித்தவன், கால் பிடித்துக்கொண்டவன், கூட வர முடியாதவன் எல்லாரையும் அதில் ஏற்றிக்கொள்வார்கள். கார் ரேவினுக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கியது.

"ஏறிக்கோங்க ரேவின். ஹீட்டர் போட்டிருக்கேன்."

"ஹீட்டர் வேணும்னா நான் குவீன்ஸ்லாந்துக்கே போயிருப்பேன்" என்றாள் ரேவின், மூச்சுக்கு நடுவே.

ஷோனா விடவில்லை. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில், பிணத்துக்குப் பின்னால் போகிற வண்டி மாதிரி, கூட்டம் காபிக்கு நிற்கும் டிப்டன் வரை உருட்டிக்கொண்டே வந்தாள். காபிக் கடையில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ரேவின் உள்ளே நுழைந்தாள். சீஸ் ரோல் தட்டில் வெண்ணெய்த் தடம் மட்டும் மிச்சம். உட்காரக்கூட நேரமில்லை, கூட்டம் கிளம்பிவிட்டது. அவளும் கிளம்பினாள். திரும்பும்போதும் தனி, திரும்பும்போதும் பின்னால் கார். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கால் வைத்தபோது விரல்களில் உயிர் திரும்பிய வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை ஒருவரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் பாலத்தைத் தாண்டும்வரை ஒட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டிப்டன் கடை வாசலில் லாக்லன் அவளுக்காகக் காத்திருந்தான். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க ரேவின். நீங்க கோடையில வாங்களேன். அப்ப மெதுவா ஒரு கூட்டம் போகும், பேசிக்கிட்டே."

"கோடையில ராப்பகலா டேங்கர் ஓட்டுறேன் லாக்லன். ஞாயித்துக்கிழம லீவுன்னு மாடுங்களுக்கு யாரு சொல்றது?"

"புரியுது. ஆனா எனக்கு வேற வழியில்ல. ராஸ் கதை உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ராஸ் என்கிற பையன் கூட்டத்திலிருந்து பிரிந்து, ஷோனா அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் காரும் இல்லாமல், பஞ்சரான டயரைக் கழற்ற விரல் மடங்காமல், ஆலங்கட்டியில் பத்து கிலோமீட்டர் நடந்தான். ஒரு பண்ணைக்காரர் அவனைக் கண்டெடுத்தார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"அவன் அம்மா முகத்த நான் ஆஸ்பத்திரியில பாத்தேன்" என்றான் லாக்லன். "உங்களுக்காக நின்னா எட்டு பேரு விறைச்சுப் போவாங்க. நிக்கலன்னா நீங்க தனியா. ரெண்டும் என்னால முடியாது."

"நீ நிக்க வேணாம். நான் கேட்டனா?"

"கேக்கல. அதான் பயமா இருக்கு."

அந்த வாரமே சங்கத்தில் விதி போட்டுவிட்டார்கள். குளிர்காலப் பயணத்தில் மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டருக்குக் குறைந்து ஓட்டுகிறவர்களுக்கு இடமில்லை. பெயர் சொல்லவில்லை. ஊரில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மளிகைக் கடையில் பால் பாக்கெட்டோடு நின்ற ரேவினிடம் ஒருவர், "உனக்கே தனியா ஒரு சட்டம் போட்டுட்டாங்களாமே" என்றார். "ஆமா. இதுக்கு முன்னால ராணிக்கு மட்டுந்தான் அந்த மரியாதை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் விறகு வெட்ட ஆரம்பித்து, தேவைக்கு மூன்று மடங்கு வெட்டிப் போட்டாள்.

இரவெல்லாம் யோசித்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சங்கம் அவர்களுடையது. சாலை சங்கத்துடையது அல்ல. ஒன்பது மணிக்குத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள். எட்டரைக்கே ஒருத்தி கிளம்பினால் அதற்கு விதி ஏது?

ஆனால் தனியாகப் போகக் கூடாது. லாக்லன் சொன்னதில் அது ஒன்று சரி என்று அவளுக்கே பட்டது. அதனால் நெனிட்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நெனிட்டா பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்துக்காரி, ரேவின் பால் எடுக்கும் பண்ணை ஒன்றில் கறவை வேலை. முப்பத்தைந்து வயது. கார் உரிமம் இல்லாததால் ஊருக்கும் கடைக்கும் தேவாலயப் பூசைக்கும் சைக்கிளில்தான் போவாள். முன்னால் கூடை கட்டிய சைக்கிள். ரேவினை முதல் நாளிலிருந்தே "ஆத்தே" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் அக்கா.

"எவ்ளோ தூரம் ஆத்தே?"

"டிப்டன். போக வர அறுபது."

"அங்க என்ன இருக்கு?"

"காபி."

"காபி என் வீட்லயே இருக்கே."

"சங்கத்துக்காரங்க வேணாங்கிறாங்க நெனிட்டா. நாம வரக் கூடாதாம்."

நெனிட்டா வாசலில் சாய்த்திருந்த சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்த்தாள். "எத்தன மணிக்கு?" என்றாள்.

அந்த ஞாயிறு இரண்டு பேரும் இன்னும் முழுதாக விடியாத வெளிச்சத்தில் கிளம்பினார்கள். நெனிட்டா பால் கறக்கும் கொட்டகையிலிருந்து நீல நிற ரப்பர் கையுறைகள் கொண்டுவந்திருந்தாள். கம்பளிக் கையுறைக்கு மேல் அதை மாட்டினால் காற்று ஒரு துளி நுழையாது. காலுறைக்கு மேல் ரொட்டிப் பை, சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாள். ஒருத்தி முன்னால் காற்றை வாங்கினாள், களைத்ததும் விலகிப் பின்னால் போனாள், மற்றவள் முன்னால் வந்தாள். இரண்டு பேருக்குள் காற்றைப் பங்குபோடலாம் என்பதே ரேவினுக்கு அதிசயமாக இருந்தது. டிப்டனுக்குக் கொஞ்சம் முன்னால் சங்கத்துக் கூட்டம் அவர்களைத் தாண்டிப் போனது. எட்டு பேரில் ஒருவன்தான் கை காட்டினான். ஷோனாவின் கார் வந்து பக்கத்தில் நின்றது.

"என் மேல கோவமா ரேவின்?"

"உன்மேல என்ன கோவம்? நீ போ. இங்க யாரும் ஏற மாட்டாங்க."

மூன்றாவது ஆளை வழியில் பிடித்தார்கள். மெர்வ் கில்ஃபெடருக்கு எழுபத்து நான்கு வயது. சங்கக் கட்டிடத்துச் சுவரில் வெற்றியாளர்கள் பலகையில் அவர் பெயர் மட்டும் ஆறு இடத்தில் இருக்கும். முழங்கால் போய்விட்டது, இனி ஓட்ட முடியாது என்று சொல்லி நான்கு வருஷத்துக்கு முன் சங்கத்திலிருந்து நின்றுகொண்டவர். அவர் ஒரு மண்சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்ததை ரேவின் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்துவிட்டார். வேலிச் செடிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார், சைக்கிள் தெரிந்தது.

"மெர்வ், முழங்கால் போச்சுன்னு சொன்னாங்களே. நல்லாத்தான சுத்துது?"

"உன் வேலயப் பாத்துக்கிட்டுப் போ."

"முழங்கால் இல்லன்னா அப்ப என்ன போச்சு?"

கிழவர் கீழே இறங்கி, ஒன்றும் ஆகாத சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கடைசியா வந்த அன்னிக்கி என்னை அந்தக் கார்ல ஏத்திட்டானுங்க" என்றார். "நான் ஜெயிச்ச ரோட்டுல."

ரேவின் கேலியை விட்டுவிட்டாள். "எங்க கூட்டத்துல கார் கெடையாது. ஒரே ஒரு விதிதான். கெளம்புனவங்க எல்லாரும் சேந்தேதான் திரும்பணும்."

"எவ்ளோ வேகம்?"

"யாரு ரொம்ப மெதுவோ அவங்க வேகம்."

"அது யாரு?"

"நான்தான்" என்றாள் ரேவின். "வர்றீங்களா இல்லயா? கால் விறைக்குது."

வந்தார். வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ரேவின் வளைந்து வளைந்து ஓட்டுகிறாள், நெனிட்டாவின் கூடை காற்றில் விசிலடிக்கிறது, இரண்டு பேருக்கும் வாய் அதிகம். அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. ஜூலை பிறந்ததும் கால் தேறி, அரை மணி முன்னால் கிளம்புகிற இவர்கள் காபிக் கடைக்கும் முன்னாலேயே போய்ச் சேர ஆரம்பித்தார்கள். கடைக்காரி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு தட்டு சீஸ் ரோல்தான் போடுவாள். மேலே வெண்ணெய் உருகி ஓட, வெங்காய வாசனையோடு, அடுப்பிலிருந்து நேராக இவர்கள் மேசைக்கு வந்தது. எட்டு ஆண்கள் ஆவி பறக்க உள்ளே நுழைந்தபோது மெர்வ் கடைசி ரோலை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருந்துச்சு" என்றார் பொதுவாக. லாக்லன்கூடச் சிரித்துவிட்டான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவன், "அடுத்த வாரம் எட்டு மணிக்கே கெளம்புவோம்" என்றான். "நாங்க ஏழரைக்கு" என்றாள் ரேவின். இருட்டில் கிளம்ப அவனுக்குத் துணிவில்லை. பேச்சு அதோடு போயிற்று.

ஜூலை நடுவில் சங்கத்தின் நீண்ட பயணம் வரும். லம்ஸ்டன் வரை, போக வர நூறு. ரேவின் கூட்டமும் போவதென்று முடிவு செய்தது. "பைத்தியமா உனக்கு?" என்றார் மெர்வ், சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே. இவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே, விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

போகும்போது காற்றே இல்லை. பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. டாகிட்டிமு மலைகள் கத்தியால் வெட்டி வைத்தாற்போல் வெள்ளையாகத் தெரிந்தன. லம்ஸ்டனுக்குச் சற்று முன்னால் சங்கத்துக் கூட்டம் இவர்களைப் பிடித்துத் தாண்டியது. ஊருக்குள் போய்த் தேநீர் குடித்து, இவர்கள் திரும்பப் புறப்படும்போது அவர்கள் அரை மணி முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

நடுப்பகலுக்குப் பிறகு தெற்கே வானம் பாத்திரத்து அடி மாதிரி கறுத்தது. நெனிட்டாதான் முதலில் பார்த்தாள். பத்து நிமிடத்தில் தென்காற்று வந்து முகத்தில் அறைந்தது. அந்தச் சாலைக்கும் தென்துருவத்துக்கும் நடுவே தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி. பட்டாணி அளவுக் கட்டிகள் தலைக்கவசத்தில் தகரக் கூரை மாதிரி சத்தம் போட்டன.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட" என்று கத்தினார் மெர்வ். மூன்று பேரும் ஒரே ஆள் போல ஒட்டிக்கொண்டார்கள். முன்னால் இருப்பவர் நூறு எண்ணும்வரை காற்றை வாங்குவது, பிறகு விலகுவது. வேகம் நடைவேகத்துக்கு இறங்கிவிட்டது. ரேவினுக்குத் தொடைகள் தன்னுடையவை என்ற உணர்வே போய்விட்டது. இறங்கிவிடலாம், ஏதாவது பண்ணை வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. தட்டினால் திறப்பார்கள், அவளை அறியாத பண்ணை அந்தப் பக்கம் இல்லை. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தன் முறை முடிந்த பிறகும் விலகாமல் இன்னொரு நூறு ஓட்டினாள்.

ஒரு மேட்டின் பாதியில், சாலையோரமாக ஒரு சைக்கிள் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் தெரிந்தது, லாக்லன். அவனுடைய ஆட்கள் ஒருவரும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. காற்றில் கூட்டம் சிதறிவிட்டது. ஒருவன் விழுந்து கை எலும்பை முறித்துக்கொள்ள, ஷோனா அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மீதிப் பேர் அவரவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடிவிட்டார்கள். லாக்லனின் உதடு நீலமாக இருந்தது. கண் எங்கோ பார்த்தது. சாப்பிட ஒன்றும் மிச்சமில்லாமல், உடம்பு காலியாகிவிட்டிருந்தது.

"பின்னால வந்து ஒட்டிக்கோ லாக்லன்" என்றாள் ரேவின்.

"நீங்க போங்க. நான் வந்துடுவேன்."

"வர மாட்ட."

"உங்களக் கெடுத்துடுவேன். ரொம்ப மெதுவா..." நாக்கு குழறியது.

"எங்ககிட்ட வந்து மெதுவுன்னு பேசுறியா?" என்றார் மெர்வ். "ஒட்டிக்கடா சக்கரத்துல."

நெனிட்டா சைக்கிளை நிறுத்தி, கூடையிலிருந்து வாழையிலைக்குப் பதில் காகிதத்தில் சுற்றிய ஒட்டரிசிப் பணியாரத்தை எடுத்தாள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டியது. லாக்லனின் விரல் மடங்கவில்லை. அவளே பிய்த்து அவன் வாயில் ஊட்டினாள், கன்றுக்குட்டிக்கு ஊட்டுகிற மாதிரி, தாடையைப் பிடித்துக்கொண்டு. தன் நீலக் கையுறையில் ஒன்றை அவன் கையில் மாட்டிவிட்டாள்.

நான்கு பேராகக் கிளம்பினார்கள். லாக்லனுக்கு முன்னால் போகும் முறை கொடுக்கவில்லை. நடுவில் வைத்துக்கொண்டார்கள். டிப்டன் வந்தபோது அவன் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. அங்கே ஷோனா காரோடு எதிரே வந்தாள். புருஷனைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"ஏறு" என்றாள். பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

லாக்லன் காரைப் பார்த்தான். ரேவின் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறினால் தப்பில்லை என்றுதான் அவளுக்கே தோன்றியது, ஆனால் அதை அவள் வாயால் சொல்வதாக இல்லை.

"சேந்துதான் திரும்பணுமாம்" என்றான் லாக்லன், மெர்விடம் கேட்பது போல.

"அதான் விதி. ஆனா முதல்ல உள்ள போய்ச் சூடா எதையாவது குடி. செத்தவன இழுத்துட்டுப் போறதுக்கு எங்கிட்ட வலு இல்ல."

அரை மணி நேரம் கழித்துக் கிளம்பி, பின்னால் கார் மெல்ல வர, நான்கு பேரும் கிரேக்பர்ன் வந்து சேர்ந்தார்கள். இருட்டிவிட்டிருந்தது. லாக்லன் வீட்டுக்குள் போகும் முன் ரேவினின் பழைய சைக்கிளின் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. லாக்லன் எழுந்து, அந்த இருபத்தெட்டு கிலோமீட்டர் விதியை எடுத்துவிட வேண்டும் என்றான். தன் பயணத்தில் தனித்து விடப்பட்டது ராஸ் மட்டுமல்ல, இப்போது தானும்தான் என்றான். விதி யாரையும் காப்பாற்றவில்லை, பக்கத்தில் ஆள் இருந்ததுதான் காப்பாற்றியது. வேகமானவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒருவன், "வேணும்னா அவங்கள ரெண்டாம் கூட்டம்னு வெச்சுக்கலாம். பின்னால கார் குடுத்துடலாம்" என்றான்.

ரேவின் எழுந்தாள்.

"ரெண்டாம் கூட்டமா? நாங்க உங்களுக்கு முன்னால கெளம்புறோம். காரும் வேணாம். அப்புறம் அந்த விதிய எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?" என்றான் லாக்லன்.

"வாரா வாரம் அத மீறிக்கிட்டுப் போறதுல எனக்கு ஒரு சொகம் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது நெனிட்டா எழுந்து நிற்பது தெரிந்தது. அதுவரை அவள் அந்தக் கூட்டத்தில் வாயே திறந்ததில்லை. அவள் உறுப்பினர்கூட இல்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஆத்தே, உங்களுக்கு அது வேடிக்கை" என்றாள். "உங்கள இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க எதிர்த்துப் பேசுவீங்க. என்ன மாதிரி ஒருத்தி புதுசா வந்து அதப் படிச்சா, கதவத் தட்டவே மாட்டா. வீட்டுக்குப் போயிடுவா. எடுத்துடுங்க."

ரேவினுக்குக் காதெல்லாம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவளை எதிர்த்துப் பேசியவர்கள் நிறையப் பேர். ஒருவருக்கும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரி, எடுத்துத் தொலைங்க" என்று சொல்லி, கை தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். மெர்வ் அவள் பக்கம் சாய்ந்து, "வலிச்சுதா?" என்றார். "வாய மூடுங்க" என்றாள்.

விதி போனது. ஆகஸ்டுக்கு முந்தைய கடைசி ஞாயிறு, எட்டரை மணிக்கு ஏழு பேர் வந்து நின்றார்கள். ராஸ் வந்திருந்தான், கால்விரல் இல்லாத பக்கம் பஞ்சு செருகிய காலணியோடு. ஷோனா வந்திருந்தாள், மகளுடைய சைக்கிளில், அவளுக்குப் பெரிதாக இருந்த ஒரு மழைக்கோட்டோடு. பாலத்துக்கு முன்பே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். அவளுக்காக எல்லாரும் நின்றார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் நிற்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றார்கள்.

மறு வாரம் மாடுகள் கன்று போட ஆரம்பித்தன. ரேவின் டேங்கர் ஏறினாள். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போதைக்கு என்ற சொல்லை அவள் கேட்காத மாதிரி எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் ஒரு பண்ணையில் பால் ஏறிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. நெனிட்டா.

"ஆத்தே, இன்னிக்கி ஒம்பது பேரு. ரிவர்டன் வரைக்கும் போனோம். கடல் பயங்கரமா இருந்துச்சு."

"யாரு முன்னால ஓட்டுனது?"

"நான்தான், பாதி தூரம். அப்புறம் லாக்லன். அவரு நம்ம வேகத்துக்கே வந்தாரு."

தான் இல்லாமலேயே அவர்கள் போய்வந்துவிட்டார்கள் என்பது ரேவினுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

"ரொம்பப் பழகிக்காதீங்க. மே மாசம் நான் வந்ததும் முன்னால நான்தான்."

"பத்து மாசம் டேங்கர்ல உக்காந்துட்டு வந்தா கடைசில கூட ஒட்ட முடியாது ஆத்தே."

"பாக்கலாம்" என்றாள் ரேவின். குழாயைக் கழற்றி, மூடியைத் திருகி, அடுத்த பண்ணைக்கு வண்டியைக் கிளப்பினாள்.